புக்கிட் புத்துஸ் கணவாயும் தோட்டத்து மிதிவண்டியும்

மலைகள் நிலத்தைப் பிரிக்கின்றன. கணவாய்கள் பிரிந்ததைச் சேர்க்கின்றன. பாலக்காட்டுக் கணவாயும் ஆரியங்காவுக் கணவாயும் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் ஆற்றிய தொண்டினை நாம் அறிவோம். அவற்றைப் போல் நீண்ட புகழ் இல்லாவிடினும், மலேசியத் தமிழரின் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் கணவாய் ஒன்று நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உண்டு. சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் இடையே அமைந்த புக்கிட் புத்துஸ் கணவாயே அது.

தீபகற்பத்தின் முதுகெலும்பாக வடக்கிலிருந்து இறங்கிவரும் தித்திவங்சா மலைத்தொடர், நெகிரி செம்பிலானுக்குள் புகுந்து, தெற்கே செல்லச் செல்லத் தாழ்ந்து முடிகிறது. இத்தொடர் மாநிலத்தை இரு பகுதிகளாக வகுக்கிறது. மேற்கே சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் ஆகிய ஊர்கள். அங்கு விழும் மழைநீரின் பெரும்பகுதி லிங்கி ஆற்றில் சேர்கிறது. கிழக்கே கோலப்பிலா, பாகாவ் முதலிய ஊர்கள். அங்கே தெராச்சி ஆறு ஓடி மூவார் ஆற்றில் கலக்கிறது. வடக்கே புக்கிட் தங்காவைத் தாண்டினால் ஜெலுபு மாவட்டம். அப்பகுதியின் திரியாங் ஆறு பகாங் ஆற்றோடு கூடித் தென்சீனக் கடலை அடைகிறது. மலாய் மொழியில் 'புத்துஸ்' என்றால் அறுந்தது என்று பொருள். 'தங்கா' என்றால் ஏணி. இயற்கை அறுத்துவிட்ட இடத்தில் மனிதன் ஏணி வைத்து ஏறினான் என்பதை இவ்விரு பெயர்களுமே சொல்லிவிடுகின்றன.

இக்கணவாயைக் கடந்த படைகளைப் பற்றியும் அதிகாரிகளைப் பற்றியும் வரலாற்று நூல்கள் பேசுகின்றன. அதே கணவாயை ஓய்வு நாளில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்த தோட்டத் தொழிலாளியைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும் அவனது பயணத்திலும் ஒரு போராட்டம் அடங்கியிருந்தது.

குருதி சிந்திய கணவாய்

1874-ஆம் ஆண்டில் சுங்கை ஊஜோங் ஆங்கிலேயரின் பாதுகாப்பை ஏற்றது. ஆங்கிலேயரின் ஆதரவு பெற்ற டத்தோ கிளானாவுக்கும் ஸ்ரீ மெனாந்தியின் யாம் துவான் அந்தாவுக்கும் பகை மூண்டது. 1875 டிசம்பரில் போர் வெடித்தது. பாரோயில் இருந்த அரணை முதலில் கைப்பற்றிய ஆங்கிலேயப் படை, மலைமேல் புக்கிட் புத்துஸில் அமைந்த அரணை நோக்கி நகர்ந்தது. டிசம்பர் 20-ஆம் நாள் கேப்டன் சானர் என்பவர் சிறு கூர்க்காக் குழுவுடன் காட்டு வழியே சென்று, எதிர்பாராத வேளையில் அரணுக்குள் பாய்ந்தார். அச்செயலுக்காக அவருக்கு விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. உடன் சென்ற கூர்க்காக்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். ஆக, பேரரசின் ஏவலுக்காகக் கடல் கடந்து வந்தோரின் காலடி, ரப்பர் வருமுன்பே இக்கணவாயில் பதிந்துவிட்டது.

போர் ஓய்ந்தபின் மலைப்பாதை சாலையாக வளர்ந்தது. 1895-இல் நெகிரி செம்பிலானின் பகுதிகள் ஒன்றிணைந்தன. மறு ஆண்டு அது கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. முதல் ரெசிடெண்டாக விளங்கிய மார்ட்டின் லிஸ்டரின் நினைவு வளைவு கோலப்பிலாவில் எழுந்தது. ஆட்சிக்கும் ஈயத்துக்கும் வணிகத்துக்கும் சாலை தேவைப்பட்டது. பின்னர் அச்சாலையைப் பெரிதும் வேண்டி நின்றது ரப்பர்.

சக்கரமும் பால்மரமும்

மிதிவண்டிக்கும் பால்மரத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. 1885-இல் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் சம அளவுச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட மிதிவண்டியை உருவாக்கினார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர், காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மிதிவண்டி மோகம் பற்றிக்கொண்டது. மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்பே ரப்பரின் தேவையை உயர்த்தியது மிதிவண்டிதான்.

பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பால்மரக் கன்றுகளை அன்று பொருட்படுத்தியவர் சிலரே. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். சுங்கை ஊஜோங்கில் காப்பி பயிரிட்டு வந்த தோட்டங்களும் ரப்பருக்கு மாறின. காடுகள் அழிந்தன, நிரை நிரையாகப் பால்மரங்கள் எழுந்தன. அவற்றின் பாலை எடுக்கத் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அம்மக்கள் லாபு, சிலியாவ், ரந்தாவ், பாகாவ் வட்டாரத் தோட்டங்களின் லயங்களில் குடியேறினர்.

டன்லப்பின் பெயர் தாங்கிய நிறுவனம் பின்னாளில் மலாயாவில் சொந்தத் தோட்டங்களையே நடத்தியது. 1922 முதல் 1937 வரை அதன் தலைவராக இருந்தவர் எரிக் கெட்டிஸ். பாகாவ் அருகே கெட்டிஸ் தோட்டம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது; அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. லண்டன் அலுவலகத்தில் அமர்ந்திருந்தவரின் பெயர் தமிழ்க் குழந்தைகளின் பள்ளிச் சீருடையில் வந்து நின்றதைக் காலத்தின் விந்தை என்றே கூறவேண்டும்.

பால் சீவியவன் கையிலிருந்து வெளியேறிய பால், உறைந்து, புகையில் உலர்ந்து, கடல் கடந்து, டயராக உருமாறி, மீண்டும் அவனிடமே விலைக்கு வந்தது. 1930-களின் இறுதியில் தோட்டத்து நாட்கூலி ஆணுக்கு ஏறத்தாழ 50 காசு, பெண்ணுக்கு ஏறத்தாழ 40 காசு. அக்கூலியில் அரிசியும் பருப்பும் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, எஞ்சியதைச் சேர்த்து ஒரு மிதிவண்டி வாங்குவதற்கு எத்தனை மாத மனவுறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கில நாட்டு வண்டிகள் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், 1930-களில் ஜப்பானிலிருந்து மலிவான வண்டிகள் வந்து குவிந்தன. அதன் பின்னரே லயத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் மிதிவண்டி பரவலான காட்சியாயிற்று.

ஒரு நாட்பயணம்

தோட்டம் என்பது தனக்குள் அடங்கிய ஓர் உலகம். லயமும் கோயிலும் கடையும் கள்ளுக்கடையும் பிள்ளைக் கொட்டகையும் அதற்குள்ளேயே இருந்தன. விடியுமுன் பெரட்டு, பின்னர் பால்வெட்டு, நண்பகலில் ஸ்டோரில் பால் நிறுத்தல். வெளியுலகம் தொழிலாளியைத் தேடி வர வேண்டுமேயன்றி, அவன் வெளியுலகைத் தேடிச் செல்வது அரிது. இந்த வேலியைத் தாண்டுவதற்கு அவனுக்குக் கிடைத்த முதல் சொந்தக் கருவி மிதிவண்டிதான்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அன்றைய கணக்கில் 24 மைல் அளவு. மலைக்கு அப்பால் வாக்கப்பட்ட தங்கையைக் காணவோ, ஒரே கப்பலில் வந்து வேறு தோட்டத்துக்குப் பிரிக்கப்பட்ட ஊர்க்காரரைக் காணவோ, சிரம்பான் பக்கத்துத் தொழிலாளி புறப்பட்டால், அப்பயணம் எப்படி அமைந்திருக்கும் என்பதை அச்சாலையின் போக்கே இன்றும் எடுத்துரைக்கும்.

இருள் பிரியுமுன் புறப்பட்டாக வேண்டும். விளக்கில்லாமல் சென்றால் தண்டனை. உரிமத் தகடு இல்லாவிட்டாலும் தொல்லை. அம்பாங்கான் கடந்து பாரோய் வரை பாதை பெரும்பாலும் சமமானது. அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து மேலேறத் தொடங்கும். ஒரே பற்சக்கர வேகம் கொண்ட கனத்த இரும்பு வண்டி அது. ஓரிரு வளைவுகள் வரை எழுந்து நின்று மிதிக்கலாம். பின்னர் இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு பக்கம் மலைச்சரிவு. மறுபக்கம் மூங்கிலும் பெரணியும் மூடிய பள்ளம். சாலையோரம் ஒழுகும் ஓடைநீர்தான் தாகத்துக்கு மருந்து. பால்மரங்களின் நேர்நிரையையே நாள்தோறும் கண்ட கண்களுக்கு, எவரும் நடாமல் தானே வளர்ந்த காடு வேறோர் உலகமாகத் தோன்றியிருக்கும்.

உச்சியை அடைந்தபின் இறக்கம். ஏற்றம் காலைச் சோதிக்கும். இறக்கம் உயிரைச் சோதிக்கும். சக்கர விளிம்பை உராயும் ரப்பர்க் கட்டைகளே தடை. மழை பெய்து நனைந்துவிட்டால் அவற்றின் பிடி தளரும். ஆகவே இறக்கத்திலும் கவனம் தேவை. ஊலு பெண்டுலில் அருவியோடை வரவேற்கும். 825 மீட்டர் உயர்ந்த அங்சி மலை அதன் மேல் நின்று பார்க்கும். அங்கிருந்து தெராச்சிப் பள்ளத்தாக்கு விரியும்.

அப்பள்ளத்தாக்கில் நெல்வயல்களும், எருமைக் கொம்புபோல் முனை உயர்ந்த கூரை கொண்ட மினாங்கபாவ் வீடுகளும் காணப்படும். அங்கே 'அடாட் பெர்பாத்தே' என்னும் தாய்வழி மரபு நிலவுகிறது. மூதாதையர் நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். தொழிலாளி வாழ்ந்த லயமோ வேலை உள்ளவரை மட்டுமே அவனுடையது. வேலை போனால் கூரையும் போகும். பிறந்த ஊரில் நெல் விளைவித்த கைகள், இங்கே பிறருடைய வயலை மிதிவண்டியில் கடந்து போயின. இக்காட்சி அவன் உள்ளத்தில் என்ன எண்ணத்தை எழுப்பியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மலைக்கு அப்பால் உறவினர் வீட்டில் கிடைத்தது ஒருவேளைச் சோறு மட்டுமன்று. அங்கே எவ்வளவு கூலி, துரை எப்படிப்பட்டவர், கிராணி எப்படிப்பட்டவர், எவருக்கு எங்கே பெண் பார்த்திருக்கிறார்கள், எவர் மறைந்தார் என்ற செய்திகளும் கைமாறின. 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935-இல் தோன்றிய 'தமிழ் முரசு' ஆகிய நாளிதழ்களின் பழைய பிரதியும் சில வேளை மடிப்போடு கைமாறியிருக்கும். ஒரு தோட்டத்தின் கூலியை மற்றொரு தோட்டத்தின் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு, தோட்டத்தை விட்டு வெளியே சென்று வந்தவனுக்கே வாய்க்கும். பொழுது சாயுமுன் அவன் மறுபுறமிருந்து அதே மலையை மீண்டும் ஏறியாக வேண்டும். மறுநாள் காலைப் பெரட்டுக்கு அவன் நின்றாக வேண்டும்.

துரையின் முன் இறங்குதல்

மலையை வென்று திரும்பிய அவனுக்குத் தோட்டத்து வாயிலில் வேறோர் ஏற்றம் காத்திருந்தது. மலாயாத் தோட்டங்களில் ஓர் எழுதாச் சட்டம் நிலவியது. துரையோ கிராணியோ எதிரே வந்தால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி உடனே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். மேலாளர் கடந்து சென்ற பின்னரே அவன் மீண்டும் ஏறலாம். இருக்கையில் அமர்ந்திருப்பவன் உயரத்தால் சமமாகிவிடுகிறான் என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். தன் உழைப்பில் வாங்கிய வண்டிமேல் அமரும் உரிமைகூட மற்றொருவரின் பார்வையைப் பொறுத்திருந்தது.

மலையின் முன் இறங்குவது இயற்கை. அதில் இழிவு இல்லை. மனிதனின் முன் இறங்குவது அடிமைத்தனம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலாளி நன்கு உணர்ந்திருந்தான் என்பதற்கு 1941-ஆம் ஆண்டு சான்று பகர்கிறது.

அவ்வாண்டு அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வாயிலாக அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. மேலாளர்கள் முன்னிலையிலும் ஆசிய அலுவலர்கள் முன்னிலையிலும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று.

கூலியும் கல்வியும் மருந்தும் கேட்ட அதே தாளில், இருக்கையில் அமர்ந்து செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டார்கள். வயிற்றுக்கான கோரிக்கை ஒருபுறமும் மானத்துக்கான கோரிக்கை மறுபுறமுமாக அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் அரசு அதைக் கலகமாகவே கண்டது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஒடுக்கிய அதிகாரமும் அதே தோரணையில் ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

மிதிவண்டியில் வந்த படை

1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 55 நாட்களில் ஜொகூர் பாருவை எட்டியது. அவ்விரைவுக்கு மிதிவண்டி பெருந்துணை புரிந்தது. படைப்பிரிவு ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் வழங்கப்பட்டிருந்தன என்று அப்படையின் திட்ட அலுவலர் சுஜி குறித்துள்ளார். முன்னரே மலாயாவில் ஜப்பானிய வண்டிகள் விற்கப்பட்டிருந்ததால், உதிரிப் பாகங்கள் ஊர்தோறும் கிடைத்தன. வெப்பத்தில் டயர் வெடித்தால் வெறும் இரும்பு விளிம்பின் மீதே ஓட்டிச் சென்றனர். இரவில் அவ்வோசை டாங்கிகள் வருவதைப்போல் கேட்டதாம்.

கோலாலம்பூர் 1942 ஜனவரி 11-ஆம் நாள் வீழ்ந்தது. ஜனவரி 14-ஆம் நாள் நெகிரி செம்பிலானின் கிம்மாஸ் அருகே, கெமெஞ்சேப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்தனர். துப்பாக்கிகளை வண்டியில் கட்டிக்கொண்டு கவலையின்றி வந்த ஜப்பானியரின் முன்னணிக் குழுவைக் கடந்துபோக விட்டு, பின்வந்தோர் பாலத்தில் நிறைந்த வேளையில் அதைத் தகர்த்தனர். பலர் மாண்டனர். எனினும் படையெடுப்பு நிற்கவில்லை; பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் பணிந்தது.

தொழிலாளர்கள் எவர் முன் மிதிவண்டியை விட்டு இறங்கி நின்றார்களோ, அந்தத் துரைமார் மிதிவண்டியில் வந்தவர்களுக்கு அஞ்சித் தெற்கே ஓடினர். ஆனால் அதனால் தொழிலாளிக்கு விடுதலை கிட்டவில்லை. வண்டிகள் பறிபோயின, அரிசி பறிபோயிற்று, பின்னர் ஆட்களே பறிபோயினர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்க ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பவில்லை.

முள்வேலிக்குள் மீண்டும்

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் தலையெடுத்தன. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, மலையும் காடும் மீண்டும் அச்சத்துக்குரிய இடங்களாயின. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, அடையாள அட்டை கட்டாயமாயிற்று, ஊரடங்கு வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு செல்லாதவாறு கடுங்கட்டுப்பாடு நிலவியது. மிதிவண்டியின் குழாய்ச் சட்டத்துக்குள்ளும் காற்றடிக்கும் பம்புக்குள்ளும் அரிசி மறைத்துக் கடத்தப்பட்டதால், காவல் சாவடியில் வண்டிகள் சோதனைக்கு உள்ளாயின. துரைக்காக இறங்கியவன் இப்போது துப்பாக்கிக்காக இறங்கினான். மலையைக் கடந்து உறவினரைக் காணும் ஒரு நாட்பயணம் பலருக்குக் கனவாயிற்று. இந்நிலை 1960 ஜூலை வரை சட்டப்படி நீடித்தது.

ஆயினும் அதே காலத்தில்தான் அமைதியான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். 1975-இல் உலகத் தொழிற்சங்கப் பேரமைப்பு ஒன்றின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். ஆசியர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. கூலி பற்றி மேசையின் எதிரெதிரே அமர்ந்து பேசும் முறை நிலைபெற்றது. எதிரே அமர்ந்து பேசுபவனை எழுந்து நிற்கச் சொல்ல இயலாது. மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கமும் மெல்ல மெல்ல மறைந்தது.

பழைய சாலை

காலம் மாறியது. 1970-களில் தோட்டத்து இளைஞரிடையே மோட்டார் சைக்கிள் பரவியது. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சிரம்பானைச் சுற்றிய பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நகரம் நோக்கி நகர்ந்தன. சில தமிழ்ப்பள்ளிகள் மட்டும் பழைய தோட்டங்களின் பெயரை இன்னும் சுமந்து நிற்கின்றன.

புக்கிட் புத்துஸிலும் உயர்ந்த பாலங்களுடன் கூடிய அகன்ற புதிய சாலை வந்துவிட்டது. சிரம்பானிலிருந்து கோலப்பிலாவை இன்று ஒரு மணி நேரத்துக்குள் அடைந்துவிடலாம். வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில், வார இறுதிகளில் இளைஞர்கள் இலேசான வண்டிகளில் உடற்பயிற்சிக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஏறுவதுண்டு. அவர்களின் வண்டிகளில் பல பற்சக்கரங்கள் உள்ளன. இறங்கித் தள்ள வேண்டிய தேவை குறைவு. எதிரே எவர் வந்தாலும் அவர்கள் இறங்குவதில்லை. இறங்கியாக வேண்டிய காலம் ஒன்று இருந்தது என்பதும் அவர்களுள் பலருக்குத் தெரிந்திராது.

அது தெரிய வேண்டும். ஒரு சமுதாயத்தின் வரலாறு, அது வென்ற போர்களாலும் கட்டிய மாளிகைகளாலும் மட்டும் அளக்கப்படுவதில்லை. ஒரு மனிதன் தன் வழியில் தலைநிமிர்ந்து செல்வதற்கு எவ்வளவு விலை கொடுத்தான் என்பதும் அதன் அளவுகோலே. கூலி உயர்வோடு சேர்த்து மிதிவண்டியின் இருக்கையையும் கோரிக்கைத் தாளில் எழுதிய அத்தொழிலாளர்கள், சிறியதொன்றைக் கேட்டதாகத் தோன்றலாம். அவர்கள் கேட்டது, மலைக்கு மட்டுமே இறங்கும் உரிமை.